அருவிக்கு அந்தப் பக்கம்

மெஷின் எதிர்வீட்டுக்காரர்களுடையது. கேசட் குருவி வீட்டுடையது. ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று வெறும் பிளாஸ்டிக். அந்த அடுக்குமாடியின் மேல்தளத்தில், வராந்தாவின் இரண்டு பக்கமும் இருந்த இரண்டு குடும்பங்கள் அத்தனை நாள் ஒட்டிக்கொண்டு இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று சொன்னால் பெரியவர்கள் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். பிள்ளைகளுக்குத் தெரியும்.

குருவி என்பது அவள் பெயர் இல்லை. ஓரிடத்தில் உட்காரமாட்டாள், சோற்றைக்கூட நின்றபடி கொத்திக்கொண்டு ஓடுவாள் என்பதால் வீட்டில் வைத்த பட்டம். எதிர்வீட்டுப் பையன் மொட்டை. தலையில் பேன் பிடித்த ஒரு லீவில் அவன் அம்மா முடியை ஒட்ட வெட்டிவிட்டாள். முடி சீக்கிரமே வளர்ந்துவிட்டது, பெயர்தான் உதிரவில்லை.

மெஷினைக் கொண்டுவந்தவர் மொட்டையின் சித்தப்பா. கப்பலில் சமையல்காரர். டிவியில் மாட்டி விளையாடும் அந்தப் பெட்டியோடு ஒரு கேசட்டும் வந்தது. வந்த வேகத்தில் மொட்டை அதைத் தண்ணீர் பக்கெட்டில் போட்டான். எப்படி விழுந்தது என்று கேட்டால் இன்றைக்கும் அவனிடம் நேரான பதில் கிடையாது. அதன்பிறகு மெஷின் டிவிக்கு அடியில் சும்மா கிடந்தது. குருவியின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பம், பழைய சாமான்களோடு ஒரு மஞ்சள் கேசட்டை அவர் கையில் திணித்தது. லேபிள் பாதி கிழிந்திருந்தது. அவர் அதை ஏதோ லிஃப்ட் உதிரிபாகம்போல் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மகளிடம் கொடுத்தார். குருவி அதை வாங்கிய கையோடு வராந்தாவைத் தாண்டி ஓடினாள்.

கேசட்டைச் செருகினால் முதலில் பாட்டு வரும். அப்புறம் திரையின் இடது ஓரத்தில் ஒரு சின்ன ஆள் வந்து நிற்பான். தலையில் சிவப்புத் துண்டு, கையில் வளைந்த கத்தி. பிள்ளைகள் அவனுக்குத் துண்டன் என்று பெயர் வைத்தார்கள். துண்டனுக்கு ஒரே திசைதான் தெரியும், வலது பக்கம். காடு, கிணறு, ஓடுகிற ரயில், பனி என்று எல்லாம் வலது பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருக்கும். பள்ளம் வந்தால் தாண்டவேண்டும், வௌவால் வந்தால் குனியவேண்டும், கத்தியை வீசினால் அது சுழன்று போய்த் திரும்பக் கைக்கு வரும். நடுநடுவே திரையில் எழுத்து வரும். அது எந்த தேசத்து எழுத்தோ, மைப்புட்டியில் விழுந்த எறும்புகள் ஊர்ந்த மாதிரி இருக்கும். அதனால் துண்டன் யார், எதற்காக ஓடுகிறான் என்பது யாருக்கும் தெரியாது. புதையலுக்கு என்றான் மொட்டை. காணாமல்போன தம்பியைத் தேடி என்றாள் குருவி. இதில் அவர்களுக்குள் கைகலப்பே நடந்திருக்கிறது.

பனிக்கு அடுத்தது அருவி. மேலிருந்து மரக்கட்டைகள் விழுந்துகொண்டே இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி மேலே ஏறவேண்டும். ஏறவே முடிந்ததில்லை. நடுவில் நிறுத்தி வைக்கவும் அந்த மெஷினில் வழி கிடையாது, அணைத்தால் மறுபடி காட்டிலிருந்து. ஒவ்வொரு சாயங்காலமும் பள்ளிக்கூடப் பையை வீசிவிட்டுக் காட்டில் தொடங்குவார்கள், அருவியில் விழுந்து சாவார்கள், வீட்டுப்பாடம் செய்யப் போவார்கள்.

மொட்டையின் அம்மாவைக் குருவி அத்தை என்றுதான் கூப்பிடுவாள். அத்தை வீட்டில் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். தையல் மெஷின் டிவிக்குப் பக்கத்திலேயே இருந்தது. பிள்ளைகள் ஆட, அந்தப் பாட்டின் தாளத்துக்கே அவள் கால் மிதிக்கும். ரயில் கட்டத்தில் பாட்டு வேகமெடுத்தால் தையலும் வேகமெடுக்கும். குருவியின் அம்மா நர்ஸ், பெரும்பாலும் ராத்திரி டியூட்டி. பகலெல்லாம் தூங்கவேண்டியவள். "கண்ணு கெட்டு, சோடாபுட்டி போட்டுக்கிட்டு நிக்கப்போறீங்க ரெண்டு பேரும்" என்பதற்கு மேல் அவள் அந்த விளையாட்டைப் பற்றிப் பேசிக் குருவி கேட்டதில்லை.

சண்டை வந்தது ஆன்டெனாவால்.

மொட்டைமாடியில் இரண்டு வீட்டு ஆன்டெனாக்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்ச் தெளிவாகத் தெரியவில்லை என்று குருவியின் அப்பா மேலே போய்த் தங்கள் ஆன்டெனாவைத் திருப்பினார். லிஃப்டையே கழற்றி மாட்டுகிறவருக்கு இது எம்மாத்திரம்? திருப்பின திருப்பில் எதிர்வீட்டுத் திரையில் செய்தி வாசித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு மூன்று தலை முளைத்தது. மொட்டையின் அப்பா மேலே ஓடினார். அவர் ஒரு பெரிய கடையில் காசாளர். நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் பல்லைக் காட்டிவிட்டு வருகிறவர், கோபத்தையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கென்று சேர்த்துவைத்திருப்பார்.

"உங்க ஆன்டெனா எங்க ஆன்டெனாவுக்கு முன்னால நிக்குது மச்சான்."

"அது எங்க நிக்கணும்னு நீங்க சொல்லாதீங்க மச்சான். நான் மெக்கானிக்."

"லிஃப்டுக்குத்தானே மெக்கானிக்? வானத்துக்குமா?"

அன்றோடு மச்சான் போய் 'அந்த ஆளு' வந்தது. குருவியின் அப்பா விறுவிறுவென்று இறங்கிவந்து எதிர்வீட்டுக்குள் நுழைந்தார். செய்தி கெட்டுப்போன டிவியில் பிள்ளைகள் துண்டனைப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அப்படியே கேசட்டைப் பிடுங்கினார். துண்டன் ஒரு பள்ளத்துக்கு மேலே, அந்தரத்தில், குதித்த நிலையிலேயே உறைந்து நின்றான். "இனிமே இந்த வாசப்படி மிதிச்சே, காலை உடைச்சுடுவேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கேசட்டை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு பீரோவின் தலையில் வைத்தார். எதிரே மொட்டையின் அப்பாவும் அதே சட்டத்தைத் தன் வீட்டில் போட்டார். அந்த விஷயத்தில் மட்டும் இருவருக்கும் அப்படியொரு ஒற்றுமை.

பிள்ளைகளுக்கு மிஞ்சியது மாடிப்படித் திருப்பம். அது யார் வீட்டு வாசப்படியும் இல்லை என்பதால் சட்டம் அங்கே செல்லாது. கொஞ்சநாள் சும்மா உட்கார்ந்து துக்கம் கொண்டாடினார்கள். அப்புறம் மொட்டை தன் அப்பாவின் கடையிலிருந்து பில் அடிக்கிற காகிதச் சுருள் ஒன்றைக் கிளப்பிக்கொண்டு வந்தான். ஒரு செருப்புப் பெட்டியில் இரண்டு பக்கமும் கீறல் போட்டுச் சுருளை ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் இழுத்தால், நடுவில் வெட்டிய ஜன்னலில் காகிதம் நகர்ந்துகொண்டே போனது. டிவியேதான்! குருவி காட்டை வரைந்தாள், மொட்டை ரயிலை வரைந்தான். எந்த மரத்துக்குப் பின்னால் எந்தப் பூச்சி, எந்தப் பாலத்தில் எந்தப் பலகை உடையும் என்பதெல்லாம் இருவருக்கும் மனப்பாடம். துண்டனை அட்டையில் வெட்டிக் குச்சியில் ஒட்டினார்கள். ஒருவர் சுருளை இழுக்க, ஒருவர் துண்டனைக் குதிக்கவைக்க, பாட்டை இரண்டு பேரும் வாயாலேயே பாடினார்கள். கீழ்வீட்டுக்காரர்கள் வந்து சத்தம் போடும் அளவுக்குப் பாடினார்கள்.

அருவி வரைக்கும் தடையில்லாமல் வந்தார்கள். அதற்கு மேல் என்ன வரைவது? பார்த்திருந்தால்தானே. மொட்டை ஒரு பெரிய பாம்பு வரைந்தான். அதற்கு இறக்கையும் வைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ராத்திரி டியூட்டி முடிந்து குருவியின் அம்மா படியேறி வந்தாள். லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, அது தனி வேடிக்கை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. சுருள் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காடு போனது, ரயில் போனது, பனி போனது. அருவிக்கு மேலே இறக்கை வைத்த பாம்பு வந்தது.

"பாம்பு எங்கடா வருது இங்க? தவளைதானே வரும்? பச்சையா, பானை சைஸுல..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பாட்டு நின்றுவிட்டது. மொட்டையின் கை சுருளை இழுப்பதை விட்டுவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்கு வேறொரு வாய் அந்த நுணலைச் சொல்லிக் கெட்டது.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள் குருவி.

"யாரோ சொன்னாங்க."

"யாரு?"

"ஆஸ்பத்திரியில. ஒரு பேஷண்ட்டு." அம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "நைட்டெல்லாம் முழிச்சிட்டு வந்திருக்கேன், குறுக்கு விசாரணை பண்ணாதடி."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். "உங்கம்மா பொய் சொல்றாங்க" என்றான் மொட்டை. அதைச் சொன்னதற்காகக் குருவி அவனை ஒரு குத்து குத்தினாள். ஆனால் அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

குட்டு வெளிப்பட அதிக நாள் ஆகவில்லை. ஆசிரியர்களுக்கு ஏதோ கூட்டம் என்று பள்ளிக்கூடத்தை மத்தியானமே விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் இருவரும் படியேறி வந்தால், குருவி வீடு பூட்டியிருந்தது. தூங்கவேண்டிய அம்மா எங்கே? எதிர்வீட்டிலிருந்து தையல் மெஷின் சத்தம் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கதவிடுக்கு வழியே, மிகச் சன்னமாக, வேறொன்று வந்தது. ரயில் கட்டத்துப் பாட்டு.

மொட்டை கதவைத் தள்ளினான்.

அத்தையும் அம்மாவும் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலெல்லாம் அரைகுறையாய்த் தைத்த திரைச்சீலைகளால் மூடியிருந்தது. நடுவில் ஒரு தட்டில் பிஸ்கட்டும் இரண்டு டம்ளர் டீயும். அம்மாவின் கையில் துண்டனை ஓட்டுகிற ரிமோட். அவள் கொண்டை அவிழ்ந்து தோளில் தொங்கியது. துண்டன் ரயில் கூரைமேல் பறந்துகொண்டிருந்தான்.

"கதவைச் சாத்துங்க" என்றாள் அம்மா, திரும்பாமலே. "வெளிச்சம் டிவில அடிக்குது."

அத்தைதான் முதலில் திரும்பினாள். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஒரு முகம். அடுத்த நொடியே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணி, யாரு வந்திருக்காங்கன்னு பாருங்க. உங்க சி.ஐ.டி."

"அம்மா! அப்பா இந்த வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொன்னார்ல?"

"உன்னைத்தானேடி சொன்னாரு? எங்கிட்ட யாரும் சொல்லலையே." துண்டன் ஒரு குண்டைத் தாண்டினான். "சண்டை போட்டவங்க அவங்க. நாங்க எதுக்குப் பேசாம இருக்கணும்?"

கதை மெல்ல மெல்ல வெளியே வந்தது. சண்டை நடந்து சில நாளிலேயே அத்தை ஒரு துணியைக் கையில் வைத்துக்கொண்டு, கலர் கேட்கிற சாக்கில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். "அண்ணி, அந்தப் பாட்டு இல்லாம எனக்குத் தையல் ஓடமாட்டேங்குது. காலு தாளத்தையே மறந்துடுச்சு" என்றிருக்கிறாள். அம்மா நாற்காலி போட்டு பீரோமேல் இருந்த டப்பாவை இறக்கினாள். முதலில் பாட்டுக்காகத்தான் போட்டார்கள். அத்தை தைத்தாள், அம்மா அங்கேயே ஒரு தலையணையைப் போட்டுச் சாய்ந்திருந்தாள்.

"ஆனா அவன் அங்கேயே நின்னுக்கிட்டு இருந்தான்" என்றாள் அம்மா. "ஓரத்துல, எங்க போறதுன்னு தெரியாதவன் மாதிரி. பாக்கப் பாவமா இருந்துச்சு. சரி, ரெண்டு அடி நடத்திப் பாப்போமேன்னு எடுத்தேன்."

"ரெண்டு அடியா!" என்றாள் அத்தை. "அன்னைக்கு நான் தைச்ச திரைச்சீலை பூரா கோணல். பாதி நேரம் இவங்களைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். பள்ளத்துல விழுந்தா 'ஐயோ அம்மா'ன்னு இவங்களும் சேர்ந்து சாயறாங்க."

குருவிக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் தன் அம்மா அருவியைத் தாண்டிவிட்டாள் என்ற பெருமை. "நீ தூங்கவே மாட்டியாம்மா?" என்று கேட்டாள். அம்மா ரிமோட்டை அத்தையிடம் கொடுத்துவிட்டு டீயை எடுத்துக்கொண்டாள்.

"தூங்கத்தான் இதை ஆடறேன்" என்றாள். "நேரா போய்ப் படுத்தா கண்ணுக்குள்ள வார்டுதான் வரும். யாருக்கு மூச்சு இழுத்துச்சு, யாரு கையைப் பிடிச்சுக்கிட்டு விடலை, எல்லாம் வரும். இதை ஆடிட்டுப் படுத்தா இவன்தான் வர்றான். ஓடிக்கிட்டே இருக்கான், ஓடிக்கிட்டே இருக்கான், நான் தூங்கிடறேன்."

அம்மாவுக்கு ஆஸ்பத்திரி பிடிக்கும் என்றுதான் குருவி அதுவரை நினைத்திருந்தாள்.  அம்மாவுக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். ஓரிடத்தில் உட்காராத குருவி அந்த மத்தியானம் முழுக்க அசையவில்லை.

அதன்பிறகு, அப்பாக்கள் வேலைக்குப் போகிற லீவு நாளெல்லாம் நாலு பேராக ஆடினார்கள். காட்டுக்கு மொட்டை, ரயிலுக்கு அத்தை, பனிக்குக் குருவி, அருவிக்கு அம்மா என்று தானாகவே ஒரு பங்கு பிரிந்துவிட்டது. அருவியின் கட்டைகளில் ஏறும்போது அம்மா மூச்சே விடமாட்டாள். ஊசி போடும்போதும் அப்படித்தான் இருப்பாளாம், அத்தை ஒருமுறை தடுப்பூசிக்குப் போனபோது பார்த்திருக்கிறாள். அருவிக்கு மேலே தவளை. தவளைக்கு அப்பால் ஒரு கோட்டை, கோட்டைக்குள் ஒரு கரிய குதிரைவீரன். அவனிடம்தான் எல்லாரும் மண்ணைக் கவ்வினார்கள்.

ஒருநாள் குருவியின் அப்பா வேலை சீக்கிரம் முடிந்து வந்துவிட்டார். வீடு திறந்து கிடந்தது, ஆள் இல்லை. எதிர்வீட்டுக் கதவும் காற்றுக்குத் திறந்திருந்தது. வந்து வாசலில் நின்றார்.  அப்பாவின் முகம் சிவந்ததைக் குருவி பார்த்தாள்.

"வீட்டுக்கு வா" என்றார் மனைவியிடம்.

"இருங்க" என்றாள் அம்மா. குதிரைவீரன் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து வந்துகொண்டிருந்தான்.

இருங்க என்றால் இருக்கத்தானே வேண்டும்? இருந்தார். முதலில் மனைவியைப் பார்த்தார், அப்புறம் டிவியைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார். இப்படிக் கண் விரிய, உதட்டைக் கடித்துக்கொண்டு, சின்னப் பெண் மாதிரி அவளை எப்போது பார்த்தோம் என்று யோசித்திருப்பாரோ என்னவோ. அவர் தோளில் மாட்டியிருந்த ஸ்பேனர் பை மெல்லத் தரைக்கு இறங்கியது. அந்த நேரம் பார்த்து மொட்டையின் அப்பாவும் கடையிலிருந்து வந்து பின்னால் நின்றார். தன் வீட்டுக்குள் போக வழியில்லாமல், அந்த ஆளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

ஈட்டி பறந்து வந்தது.

"குதி! குதி!" என்று கத்தினார் அப்பா.

அம்மா குதித்தாள். ஈட்டி நேராக நெஞ்சில் பாய்ந்தது. துண்டன் தலைகீழாகச் சுழன்று திரைக்கு வெளியே போனான்.

"குனிஞ்சிருந்தா தலைக்கு மேல போயிருக்கும்" என்றார் மொட்டையின் அப்பா. "குதிக்கச் சொன்ன அறிவாளி யாரு?"

"உங்களை யாரும் கேக்கலை."

"என் வீட்டு டிவி. நான் சொல்வேன்."

"என் வீட்டு கேசட்."

அத்தை தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. அதோடு சமாதானம் ஆகியிருந்தால் கதை அழகாக இருந்திருக்கும். ஆகவில்லை. மாடியில் இரண்டு ஆன்டெனாக்களும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றன. ஆனால் வாசப்படிச் சட்டத்தை யாரும் மறுபடி பேசவில்லை. சில சாயங்காலங்களில் அப்பா, "அந்தக் குதிரைக்காரன் என்ன ஆனான்?" என்று சோற்றைப் பிசைந்தபடி கேட்பார்.

அடுத்து நடந்ததுதான் குருவியால் வெகுகாலம் பொறுத்துக்கொள்ள முடியாமல் போனது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா வீட்டில், தூங்காமல், கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"முடிச்சுட்டோம்டி" என்றாள்.

"எதை?"

"துண்டனை. குதிரைக்காரன் செத்துட்டான். நானும் அத்தையும் முடிச்சுட்டோம்."

குருவி பையைக் கீழே போட்டாள். "நான் இல்லாமலா?"

"பாதியில விட முடியலைடி."

"நாளைக்கு ஆடியிருக்கலாம்ல! ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருந்தா என்ன? எனக்குத் தெரியாம எப்படிம்மா முடிக்கலாம்?" அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். முடிவில் என்ன வந்தது என்று சொல்லத் தொடங்கினாள்.

கோட்டைக் கதவு திறந்ததாம். வெளியே பெரிய மைதானமாம். துண்டன் வழியில் வெட்டிச் சாய்த்த எல்லாரும், வௌவால், பூச்சி, பனிக்கரடி, அந்தப் பானைத் தவளை உட்பட, ஒவ்வொருவராக வரிசையில் வந்து அவனுக்குத் தலை வணங்கிப் போனார்களாம். தவளையால் குனிய முடியாமல் உருண்டே போய்விட்டதாம். கடைசியில் ஒரு சின்னப் பையன் ஓடிவந்து துண்டனைக் கட்டிக்கொண்டானாம். "நீ சொன்னதுதான் சரி. தம்பிதான்" என்றாள் அம்மா. குருவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே தவளை உருண்டதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். கோபம் மட்டும் போகவில்லை. இரண்டு நாள் அத்தையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த வார முடிவில் எதிர்வீட்டு வாசலில் அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. மொட்டையின் அப்பாவுக்கு வேறு ஊரில் புதுக் கிளைக்கு மாற்றல். தூர ஊர். பிள்ளைகளிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மொட்டைக்கே பெட்டிகளைப் பார்த்துத்தான் தெரிந்தது. சாமான் கட்டும்போது அம்மா மஞ்சள் கேசட்டைக் கொண்டுபோய்த் தன் கையாலேயே மெஷினோடு சேர்த்துத் துணியில் சுற்றி வைத்தாள். "இது நம்மளுது!" என்று குருவி கத்தினாள். "மெஷின் இல்லாம இதை வச்சு உப்பா தடவப்போறே?" என்றாள் அம்மா.  லாரி போனபிறகு அம்மா நெடுநேரம் வராந்தாவிலேயே நின்றாள்.

வருஷங்கள் ஓடின. அம்மாவும் அத்தையும் போனில் பேசிக்கொண்டார்கள். முதலில் அடிக்கடி, அப்புறம் நல்லது கெட்டதுக்கு. குருவியின் அப்பா இறந்தபோது மொட்டையின் அப்பா ரயிலேறி வந்தார். வந்தவர்களிடமெல்லாம் "என் மச்சான், என் மச்சான்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். கேட்கத்தான் ஆள் இல்லை.

குருவி இப்போது ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். நாள் முழுக்க இருட்டு அறையில் அடுத்தவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கும் வேலை. கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி மத்தியான இடைவேளையில் கைக்கு அடக்கமான ஒரு பெட்டியைக் காட்டினாள். "அக்கா, பழைய கேமெல்லாம் இதுல இருக்கு. டிவில மாட்டிக்கலாம்." பெயர்களெல்லாம் புரியாத எழுத்தில் இருந்தன. படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்த குருவியின் விரல் ஒரு சிவப்புத் துண்டில் நின்றது. கையிலிருந்த சாப்பாட்டு டப்பாவை எங்கே வைத்தாள் என்று அப்புறம் தேடவேண்டியிருந்தது. அதேபோல் ஒரு பெட்டியை அவளும் வாங்கினாள்.

அம்மா இப்போது அவளோடுதான் இருக்கிறாள். ரிட்டயர் ஆகி, ராத்திரியில் தூங்கப் பழகி வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரு லீவு நாள் பகலில் குருவி டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். பாட்டு தொடங்கிய கொஞ்சநேரத்தில் உள்ளறையிலிருந்து செருப்பைத் தேய்த்துக்கொண்டு அம்மா வந்தாள்.  முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"நாற்காலி இருக்கேம்மா."

"இதுக்கு நாற்காலி சரிப்படாது."

பல லீவு நாள் பிடித்தது. ஆனால் ஒருநாள் துண்டன் அருவியைத் தாண்டினான், தவளை உருண்டது, குதிரைவீரன் வந்தான். "குனி" என்றாள் அம்மா. குருவி குனிந்தாள். ஈட்டி தலைக்கு மேல் போனது. கத்தி சுழன்று போய் அவனை வீழ்த்தியது.

கோட்டைக் கதவு திறந்தது. குருவி ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். துண்டன் ஒரு மேட்டில் ஏறினான். மேலே போய் உட்கார்ந்தான். காற்றில் தலைத்துண்டு ஆடியது. இரண்டு வரி எறும்பெழுத்து வந்தது. திரை கறுத்து, மறுபடி காடு வந்தது.

"அவ்வளவுதானா?" என்றாள் குருவி. "மைதானம் எங்க? அந்தத் தவளை, பனிக்கரடி, தம்பி..."

அம்மா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் நான் சொன்னதுடி."

"பொய்யா?"

"நீ அப்படி அழுதுக்கிட்டு நின்னே. என்ன சொல்ல? என்ன வந்துச்சுன்னு எனக்கே தெரியாது. அன்னைக்கு நான் டிவியை எங்க பாத்தேன்?" தலைப்பை மடியில் விட்டாள். "காலையில டியூட்டி முடிஞ்சு வந்ததும் அத்தை சொன்னா, மாத்தல் ஆயிடுச்சுன்னு. பசங்களுக்குச் சொல்லாதீங்க, மனசு தாங்காதுன்னா. ரெண்டு பேருக்கும் என்ன பேசறதுன்னு தெரியலை. சரி, போடுங்கன்னேன். ஆடினோம். அன்னைக்குன்னு பாத்து ஒரு இடத்துலயும் சாகலை. குதிரைக்காரன் விழுந்தான். திரும்பிப் பாத்தா அத்தை முகத்தை மூடிக்கிட்டு அழறா. நானும்தான். நிமிர்ந்து பாக்கும்போது இந்தக் காடுதான் வந்து நின்னுச்சு."

குருவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி போட்டுப் போட்டு உறுதிப்பட்ட கை.  கடைசியைத் தன்னிடமிருந்து பறித்துவிட்டார்கள் என்று அத்தையிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்த இரண்டு நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஊரை விட்டுப் போவதற்குமுன் மிச்சமிருந்த சில நாளில் இரண்டு நாள்.

"அத்தைக்குப் போன் போடட்டுமா?" என்றாள்.

போனின் சின்னத் திரையில் அத்தை வந்தாள். முடி முழுக்க வெள்ளை, மூக்கில் கனமான கண்ணாடி. பின்னால் மொட்டை வந்து எட்டிப் பார்த்தான். இப்போது அவன் பெயருக்கு யாரும் காரணம் கேட்கமாட்டார்கள், தலையைப் பார்த்தாலே போதும். குருவி போனை டிவியின் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.  மறுமுனையில் அத்தையின் குரல், "அட, இவனா! இன்னுமா ஓடிக்கிட்டு இருக்கான்?"

"முடிவைப் பாத்தோம்" என்றாள் அம்மா போனுக்குள் கத்தி. அவளுக்குப் போனில் எப்போதும் கத்தினால்தான் திருப்தி. "ஒண்ணும் பெருசா இல்லை. மேட்டுல ஏறி உக்காந்துக்கறான்."

"உக்காரட்டும். எவ்வளவு தூரம் ஓடியிருக்கான்." அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அண்ணி, ரயில் வரைக்கும் நீங்க ஆடுங்க. ரயில்ல நான் சொல்றேன்."

"நீ அங்க இருந்துக்கிட்டு என்னத்தைச் சொல்வே?"

"வாயால சொல்வேன். கொடும்மா குருவி, அவங்க கையில கொடு."

குருவி ரிமோட்டை அம்மாவிடம் கொடுத்தாள். போனை ஒரு டப்பாவின்மேல் சாய்த்து, டிவி தெரிகிற மாதிரி நிறுத்தினாள். எந்தப் பொத்தான் குதிக்க, எந்தப் பொத்தான் வீச என்று அம்மா கேட்டுக்கொண்டாள். துண்டன் இரண்டு அடி எடுத்துவைத்தான். "பாத்து, பாத்து, பூச்சி!" என்றது போன். "தெரியுது, கத்தாதே" என்றாள் அம்மா, அதைவிடச் சத்தமாக. குருவி டீ போட அடுப்படிக்குப் போனாள்.